குழாய்ப் பெட்டிக்குள் போன வளையம்

ஏங்க,

சோறு குக்கர்ல இருக்கு. பாப்பா மூணு மணிக்கு வருவா, சாவி கீழ்வீட்டு டெய்லரக்கா கிட்ட.

குளியலறையில கழுவிக் காய வச்சிருந்த என் ரப்பர் வளையத்தை உங்க குழாய் ரிப்பேர் பெட்டியில பார்த்தேன். வாஷரோட வாஷரா, கிரீஸ் அப்பிக் கிடக்கு. இறங்கிப்போன என் மூத்திரப்பையை மூணு மாசமா உள்ள இருந்து தாங்கிப் பிடிக்கிறதே அதுதான். அது எப்படி இருக்கும்னு ஒருநாளாவது பார்த்திருக்கீங்களா?

"இன்னொரு பிள்ளை வேணுமா? வேணும்னா ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம், இப்பவே பண்ணினா பிரசவத்துல பை மறுபடி இறங்கிடும். அதுவரை வளையமும் பயிற்சியும் பார்ப்போம்"னு டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டாங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள "வேணும்"னு சொன்னது நீங்க. வலி எனக்கு, வாய் உங்களுக்கா?

புது வளையம் வைக்க டாக்டரம்மா கிட்ட போறேன். தனியாத்தான். பின்னாடியே வந்து நிக்காதீங்க. அந்தக் கேள்வியை நானே திரும்பக் கேக்கச் சொல்லி, நானே பதில் சொல்லிக்கிறேன்.

தண்ணி கேன் வாசல்லயே கிடக்கு. நான் கனம் தூக்கக் கூடாதுன்னு அன்னிக்கே சொன்னாங்க. அது மட்டும் உங்க காதுல விழலையாக்கும்.

இன்னொண்ணு. பாப்பாவுக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வேணும்னு எனக்கும் ஆசைதான். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா, நானே சொல்லியிருப்பேன்.