ஏழாம் அத்தியாயத்து ராட்டினம்

ஜூன் 3, திங்கள்

கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை. கொடியில் போட்ட வெள்ளைப் புடவையில் மறுபடியும் அனல்மின் நிலையத்துச் சாம்பல். மறுபடியும் அலசல். லேபில் இன்றைக்குப் பதினாலு சாம்பிள், எல்லாம் பாய்லர் தண்ணீர். சிலிக்கா சரி.

சாயங்காலம் வந்தால் கூரியர். நாவல் திரும்பி வந்திருக்கிறது. வேண்டாம் என்றுதான் அனுப்பியிருப்பார்கள் என்று அரை மணி நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். பிரித்தால் அப்படி இல்லை. சென்னை எடிட்டரின் கடிதம் மூன்று பக்கம். பிரதி முழுக்கப் பென்சில். திருத்திக் கொடுத்தால் போடுவார்களாம். என் முதல் புத்தகம்.

அவர் கேட்பது:

1. இன்ஜினியர் ராகவன் பாதியாகக் குறைய வேண்டும். (ஆறு வருஷம் எழுதினேன் அந்த மனுஷனை.)
2. அஞ்சலை மூன்று மடங்கு வேண்டும். "நாவல் இவளுடையது. உங்களுக்கே அது தெரியவில்லை."
3. தலைப்பு வேறு.
4. மாதக் கடைசிக்குள்.

அஞ்சலை, சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது ஊரைக் காலி செய்கிற பெண். மொத்தமே இருபத்திரண்டு பக்கம்தான் வருகிறாள். அத். 7 ஓரத்தில் எடிட்டர்: "வீட்டை விட்டுப் போகும்போது கிணற்று ராட்டினத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறாளே, இந்த ஒரு இடத்துக்காகவே நாவலைப் போடலாம்."

சந்தோஷம்தான். சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. எந்த ராட்டினம்?

ஜூன் 4, செவ்வாய்

பரண்மேல் இருந்த நோட்டுகளை இறக்கினேன். தும்மல் நிற்கவில்லை. நாலாவது நோட்டு, என் கையெழுத்து: "ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு அஞ்சலை கதறினாள்." எழுதும்போது நானும் அழுதேன், நன்றாக நினைவிருக்கிறது.

டைப் ஆன பிரதியில்: "அஞ்சலை ராட்டினத்தைக் கழற்றிக் கூடையில் வைத்தாள். வாங்கி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. போன இடத்தில் கிணறு இல்லை." கதறல் எங்கேயும் காணோம்.

இவரிடம் காட்டினேன். பண்ருட்டிப் பலாவை அறுத்துக்கொண்டு, கையெல்லாம் எண்ணெய்.

"நீ எழுதலைன்னா யாரு எழுதினது? உங்க லேபா?"

"விளையாடாதீங்க."

"ரெண்டுல ராட்டினம்தான் நல்லாருக்கு."

பிரதியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

டைப் ஆகி வந்ததும் வரிக்கு வரி சரிபார்த்தேன்தான். ஆனால் ராகவன் அத்தியாயங்களை மட்டும். அஞ்சலை பகுதி வந்த வாரம் நாத்தனார் மகள் கல்யாணம். பார்க்காமலே அனுப்பினேன். லேபில் இருபத்தோரு வருஷத்தில் பார்க்காத ரீடிங்கை ஒருநாள் எழுதியிருப்பேனா?

டைப் செய்தது அமுதா. மெயின் பஜார் டி.டி.பி. கடை. நாளைக்கு.

ஜூன் 5, புதன்

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் நேராகப் பஜார். அமுதாவுக்கு முப்பத்தைந்து இருக்கும். குறிஞ்சிப்பாடியிலிருந்து தினம் வருகிறாள். என் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில். ஏதோ காதுகுத்துப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாவது அத்தியாயத்துல எதையாவது மாத்தினியா?"

"மாத்தினன் மேடம்." பயமே இல்லை முகத்தில். "சொல்லணும்னுதான் இருந்தன். நீங்க கல்யாண அவசரத்துல வாங்கிக்கினு போய்ட்டீங்க."

"ஏன் மாத்தின?"

"மண்ண முடிஞ்சிக்கினு போனான்னு எழுதியிருந்தீங்க. மண்ண எதுக்கு மேடம் எடுத்துக்கினு போவாங்க? போற எடத்துல மண்ணு இருக்காதா? டைப் பண்ணக் கை வரல. எங்கம்மா ராட்டினத்ததான் கழட்டிக்கினு வந்துச்சி. புதுசு. உட்டுட்டு வர மனசு வரல. வந்து பாத்தா அடிபம்பு."

அஞ்சு வருஷமாக இவளிடம் டைப் கொடுக்கிறேன். இவள் ஊரும் சுரங்கத்துக்குப் போன ஊர் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

அந்த வெட்கத்தில் வந்ததோ என்னவோ, கத்திவிட்டேன். கடையில் நாலு பேர் நின்றார்கள். "எழுதினதை எழுதினபடி அடிக்கிறதுதான் உன் வேலை."

"சரிங்க மேடம்."

வீட்டுக்கு வந்தும் கோபம் தீரவில்லை. யார் மேல் கோபம் என்றும் தெரியவில்லை. அவள் செய்தது தப்பு. அவள் எழுதியது சரி. இரண்டையும் ஒரே மண்டையில் எங்கே வைப்பது?

ஜூன் 9, ஞாயிறு

இட்லிக்கு ஊறப்போட வேண்டும். காஸ் பதிய வேண்டும்.

காலையிலிருந்து அஞ்சலை. எட்டுப் பக்கம். அழுகிறாள். கிழித்துவிட்டு மறுபடியும் எழுதினால் மறுபடியும் அழுகிறாள். வாயைத் திறந்தால் "சொல்லுதேன்" என்கிறாள், "ஏட்டி" என்கிறாள். எங்கள் திருநெல்வேலிச் சித்தி. குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெண்ணுக்குள் சித்தி எப்படிப் புகுந்தாள்?

ராகவன் என்றால் சரசரவென்று வருவான். அவனை வெட்டச் சொல்கிறார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

எடிட்டர் போன். லேபில் இருந்தேன், வெளியே வந்து பேசினேன். மெதுவான குரல், நல்ல மனிதர் மாதிரி.

"மேடம், அந்த ராட்டினத்தை எங்க பிடிச்சீங்க?"

"இங்கதான் சார். பாத்ததுதான்."

சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. உள்ளே போய் எடுத்த ரீடிங்கை வேறு சாம்பிளுக்கு எதிரே எழுதிவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 12, புதன்

எப்படியோ முடித்த புது அஞ்சலை அத்தியாயங்கள் இரண்டை அமுதாவிடம் கொடுத்தேன். "இதை அடிச்சுடு" என்று மட்டும் சொன்னேன்.

என்ன எதிர்பார்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதாவிட்டால்தான் என்ன, எனக்குத் தெரியாதா? அவள் மாற்றிவிடுவாள் என்றுதான் கொடுத்தேன். அவளிடமும் கேட்க வேண்டாம், எடிட்டரிடமும் சொல்ல வேண்டாம். சீ.

ஜூன் 17, திங்கள்

கொஞ்சம் தூறல். மண்வாசனைக்கு முன்னால் கரிவாசனை வந்தது.

அத்தியாயங்கள் டைப் ஆகிவிட்டன. கடை வாசலிலேயே நின்று புரட்டினேன். அஞ்சலை அழுகிறாள். முதல் பக்கம், மூன்றாம் பக்கம், எல்லாப் பக்கமும். "சொல்லுதேன்" அப்படியே. நான் ஒற்று விட்ட இடத்தில்கூட ஒற்று இல்லை.

"ஒரு எழுத்து மாத்தலைங்க மேடம். பிழையக்கூட அப்படியே உட்டுட்டன்." குத்தலாகச் சொல்லவில்லை. சொன்னபடி செய்திருக்கிறாள், அவ்வளவுதான்.

"படிச்சியா?"

"அடிக்கறப்ப படிச்சிக்கினுதான இருக்கணும்."

"எப்படி இருக்கு?"

ஸ்க்ரீனைப் பார்த்தாள். "அந்தம்மா ஏன் மேடம் இப்படி அழுதுகினே இருக்குது? எங்கம்மாக்கு அழ நேரமே இல்லியே. ஆடு இருந்துச்சி, நாங்க மூணு பேரு, அடுப்புக் கல்லு, லாரிக்காரன் வேற திட்டிக்கினே இருந்தான்."

பையில் இருந்த அத். 7ஐ எடுத்துப் பென்சில் குறிப்பைக் காட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள்.

"இது அந்த ராட்டினத்துக்கா?"

"ஆமா."

"நா மாத்தினதுக்கா?"

"ஆமா அமுதா."

என்னிடம் கேட்காமல் எழுந்து போய் அந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்தாள். எட்டாக மடித்தாள். டிபன் பாக்ஸ் பையில் வைத்தாள். "அம்மாகிட்ட காட்டணும். அதுக்குப் படிக்கத் தெரியாது. நா படிச்சிக் காட்டறன்."

பஸ்ஸில் அழுகை வந்தது. அஞ்சலை அழுத மாதிரி இல்லை, மூக்கு மட்டும்.

ஜூன் 18, செவ்வாய்

லீவு போட்டேன். எடிட்டருக்கு நானே போன் செய்தேன். ராட்டினம் என்னுடையது இல்லை, டைப் செய்கிற பெண்ணுடையது, அன்றைக்குச் சொன்னது பொய். சொல்லும்போது காது சுட்டது.

அவள் எழுதியது எந்தெந்த வரி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்புறம், "அந்தம்மா எழுதுவாங்களா?"

"தெரியாது சார்."

"கேளுங்க. எழுதினா அட்டையில ரெண்டு பேரு போடணும். யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். இரண்டு பெயர். ஆறு வருஷம், பதினோரு நோட்டு, இரண்டு பெயர். அவள் மூன்று வரிதான் எழுதினாள். அந்த மூன்று வரிக்குத்தான் புத்தகம். பொறாமை. எழுதியே விடுகிறேன், பொறாமைதான்.

இவர்: "கேக்காம இருந்துட்டா புக்கு உன்னுது. ஆனா ராட்டினம் இருக்காது." சில நேரம் இந்த மனுஷன் சரியாகச் சொல்லித் தொலைக்கிறார்.

ஜூன் 19, புதன்

கேட்டுவிட்டேன். ரெண்டு பெயர் என்றும் சொன்னேன். அமுதா சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

"எனக்கு எழுதத் தெரியாதுங்க மேடம். அடிக்கத்தான் தெரியும்."

"அடி. பேப்பர்ல எழுதாத, நேரா அடி."

"நீங்க திருத்துவீங்களா?"

"ம்."

"எழுதினபடி உடாம?"

அன்றைக்கு நான் கத்தியதையே திருப்பிக் கேட்டாள். விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். "மன்னிச்சுடு" என்றேன். கடைக்கு ஆள் வந்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் கதவைத் தட்டினாள். இதுவரை குவார்ட்டர்ஸுக்கு வந்ததில்லை. எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருக்கு என்று அரை மணி நேரம் சுற்றியிருக்கிறாள். காபி கொடுத்தேன். நாலு பக்கம் வைத்துவிட்டு, நான் படிக்கும்போது இருக்க மாட்டேன் என்று ஓடிவிட்டாள்.

லாரி, ஆடு, அடுப்புக் கல். ராட்டினத்தைப் புது வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைக்கிறார்கள். அழுகையே இல்லை. இரண்டு தடவை படித்தேன். மூன்று பக்கம் வரை கை வைக்க ஒரு இடம் இல்லை.

நாலாம் பக்கத்தில் அஞ்சலை டவுன்ஷிப்புக்கு வீட்டு வேலைக்கு வருகிறாள். ராகவன் வீடு. ராகவன் மனைவி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஃபேன் போட்டு நாலு மணி வரை தூங்குகிறாளாம். தினமும். எந்த மேடம் தூங்கினாள்? கொடியில் சாம்பல் படிந்த துணியை மறுபடி அலசிப் போடுவது யார்?

பென்சிலைத் தேடி எடுத்தேன்.