அரக்குச் சேலைக்குச் சொன்ன விலை

1966 மே 14, சனி

இன்று என் வீட்டில் இருந்தவர்கள் எல்லாரையும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்கே இல்லையே என்று சொல்லக் கூடாது. அடுத்த கோட்டர்ஸ் விசாலாட்சி. அவள் புருஷன் கோவிந்தராஜ், கப்பல் ஆபீஸ்காரன், உள்ளே வரவில்லை, படியிலேயே நின்றான். மாஸ்டர் வீட்டு பெங்காலி அம்மா. மின்னி பே பக்கமிருந்து கிளாரா, வாங்க வரவில்லை, எனக்குத் துணைக்கு வந்தாள். கராச்சர்மாவிலிருந்து என் மகன் பாலு, பேத்தி ருக்குவைத் தூக்கிக்கொண்டு. அப்புறம் பாலு அப்பா.

புதன்கிழமை கப்பல். இந்த அந்தமானில், எங்கள் ஹேடோவில் யார் ஊருக்குப் போனாலும் இப்படித்தான். பெட்டியைத் திறந்தால் அக்கம்பக்கம் மொத்தமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கப்பல் தேதி ஊருக்கே தெரியும், அதனால் விற்கிறவள் பேச்சுக்கு மதிப்பில்லை. "விட்டுட்டுத்தானே போகப் போறே" என்று சொல்லியே பாதிக்குப் பாதி அடிப்பார்கள். நானும் அப்படி வாங்கியவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் யாரையும் பார்த்துச் சிரித்தது கிடையாது.

போக எனக்கு இஷ்டமே இல்லை. ரிடையர் ஆனதிலிருந்து அவருக்கு ஒரே பாட்டு, மன்னார்குடியில் தம்பி இருக்கிற வீட்டில் பாதி நம்முடையது, போய்விடுவோம் என்று. மகனும் பேத்தியும் இங்கே, நான் அங்கே போய் யார் முகத்தைப் பார்ப்பேன்? கடைசியில் பாலுவையே பேச வைத்துச் சம்மதம் வாங்கினார். நேற்று டிக்கெட் விஷயமாகக் கப்பல் ஆபீசுக்குப் போய் வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "எல்லாத்தையும் நாளைக்கே வித்துடு செல்லம்" என்றார். திங்கட்கிழமை விற்கலாமே என்றேன். கேட்கவில்லை.

பெங்காலி அம்மா பாலு அப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "தீதி, தோடா கம் கரோ" என்றாள். "கம் நஹி ஹோகா", விலை குறையாது என்றேன். அவளும் நானும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் விசாலாட்சி, "அக்கா, அந்த அரக்குச் சேலையை எடுங்களேன்" என்றாள்.

அதை நான் வெளியே வைக்கவே இல்லை, வேட்டியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. பாலு கல்யாணத்துக்கு என் சீட்டுப் பணத்தில் நானே எடுத்த பட்டு. ஊரில் போய் இறங்கும்போது ஓரகத்தி முன்னால் கட்டிக்கொண்டு நிற்க அது ஒன்றாவது இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். விற்கிறதுக்கு இல்லை என்றேன். "அங்க போய்ப் புதுசு எடுத்துக்கலாம், எடு" என்றார் இவர். இத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? எடுத்தேன்.

அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் முந்தியை விரித்தாள். கட்டைவிரலால் சரிகையைத் தேய்த்து, விரலை எல்லாருக்கும் காட்டினாள். "உப்புக்காத்துல கறுத்துடுச்சுக்கா." மடிப்பைப் பிடித்து இழுத்தாள். "இங்க விட்டுடும் போலிருக்கே." மோந்து வேறு பார்த்தாள், என்னமோ கருவாடு வாங்குகிற மாதிரி.

வாங்காமல் ஓடட்டும் என்று எண்பது சொன்னேன்.

"இருபது" என்றாள்.

"இருபதுக்கு இதோட முந்தி வரும். கிழிச்சுத் தரவா?"

"கிழிக்க வேண்டாம்கா, தானே கிழிஞ்சிடும். புதன்கிழமை கப்பல்ல ஏறுறீங்க. அப்புறம் யாருக்கு விப்பீங்க, கடலுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். பெங்காலி அம்மாவுக்குப் பேச்சு புரியவில்லை, அவளும் சிரித்தாள். இவரும் சிரித்தார். சிரிக்காதவள் கிளாரா ஒருத்தி. படியில் நின்ற கோவிந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"கொடுத்துத் தொலை செல்லம்."

இருபத்தைந்துக்குக் கொடுத்தேன். அது போனதும் எனக்கு மனசே விட்டுப்போய்விட்டது. கோட்டு, கம்பளி, ஜமக்காளம், மற்றச் சேலைகள் எல்லாம் அவரவர் கேட்ட விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். உடுத்தியிருப்பது ஒன்று, மாற்று ஒன்று. அவ்வளவுதான் இப்போது எனக்கு.

மே 18, புதன்

கப்பல் வரவில்லை.

மே 19

மெட்ராசில் மிஷின் ரிப்பேராம். எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாதாம்.

கிளாரா மூச்சு வாங்க வந்தாள். அவள் புருஷன் தாமசுக்குத் துறைமுகத்தில் எல்லாரையும் தெரியும். "அக்கா, வெள்ளிக்கிழமையே ஆபீசுக்குத் தந்தி வந்துட்டுதாம்லா. கோவிந்தராஜுதான் வாங்கினாராம். தாமஸ் கேட்டுட்டு வந்து சொன்னாரு."

வெள்ளிக்கிழமை தந்தி. சனிக்கிழமை என் வீட்டில் வந்து நின்று "கடலுக்கா" என்கிறாள்!

குழாயடியில் பிடித்தேன். "தெரிஞ்சேதானடி செஞ்ச?"

"ஆபீஸ் விஷயம் எனக்கு எப்படிக்கா தெரியும்?" குடம் நிரம்பி வழிகிறது, அவள் குடத்தையே பார்க்கிறாள். தெரியாதவள் என் முகத்தைப் பார்த்தல்லவா சொல்லியிருப்பாள்?

என் சேலையைத் திருப்பிக் கொடு, உன் பணம் இந்தா என்று முடிச்சை அவிழ்த்தேன். "வித்தது வித்ததுதான்கா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வந்து இவரிடம் கத்தினேன். "விடு, அக்கம்பக்கத்துல சண்டை வேண்டாம்" என்கிறார். இவருக்குக் கோபம் என்கிற ஒன்று உண்டா இல்லையா?

மே 26

மழை பிடித்து ஒரு வாரமாகிறது. இந்த ஊர் மழையில் பத்துச் சேலை இருந்தாலே ஒன்றுதான் காயும். இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? ஈரத்தோடு கட்டி உடம்புச் சூட்டில் காய்கிறது. அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன், புகை நாற்றம். பாலு பெண்டாட்டி தன் சேலையில் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்பிவிட்டேன். மருமகள் சேலை எனக்கு எதற்கு?

அவருக்கு மூன்று நாளாகக் குளிர்காய்ச்சல். பல் கிட்டுகிறது. போர்த்த வீட்டில் ஒன்றும் இல்லை. கம்பளியை வாங்கினவளும் விசாலாட்சிதான். மானத்தை விட்டுப் போய்க் கேட்டேன். கொடுத்த பணத்தைவிட இரண்டு ரூபாய் கூட வைத்துக்கொள் என்றுதான் கேட்டேன்.

"அன்னைக்கு வெயில்கா. இப்ப மழை. இப்ப விலை வேற" என்றாள். நான் வாங்கின விலைக்கு மேலே ஒன்று சொன்னாள். புதுக் கம்பளி வாங்கலாம் அதற்கு.

சேலை விஷயத்தையாவது ஆசை என்று விடலாம். குளிரில் நடுங்குகிற மனுஷனை வைத்துப் பேரம் பேசினாளே! அவள் முற்றத்துக் கொடியில் என் கம்பளி தொங்குகிறது, நான் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தேன்.

கிளாரா ஒரு ரஜாய் கொண்டுவந்து போர்த்தினாள். மீன் வாடை. எவ்வளவு என்றேன், பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது. "போங்கக்கா" என்று என் கையில் ஒரு அடி போட்டாள்.

ஜூன் 10

முருகன் கோயிலில் விசாலாட்சியைப் பார்த்தேன். கட்டியிருந்தாள். சரிகை கறுக்கவே இல்லை.

ஜூன் 27, திங்கள்

கப்பல் வந்தேவிட்டது. காய்ச்சல் தேறி இளைத்துப் போயிருந்தவர், ஊதல் சத்தம் கேட்டதும் எழுந்து பெட்டியைக் கட்டினார். நான் அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கிளம்பு செல்லம்."

"எதைக் கட்டிக்கிட்டுக் கிளம்புறது? உங்க தம்பி பொண்டாட்டி வாசல்ல நின்னு பாப்பா. இருபது வருஷம் அந்தமான்ல சம்பாதிச்சுட்டு ரெண்டு நைஞ்ச சேலையோட வந்திருக்கான்னு ஊரெல்லாம் சொல்லுவா. நான் வரமாட்டேன். நீங்க போங்க."

"அங்க போய் எடுத்துக்கலாம்னு சொன்னேனே."

"எதை வெச்சு? வித்த காசைத்தான் இத்தனை நாள் அரிசி வாங்கித் தின்னாச்சே!"

கட்டின பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். தனியாகப் போகிற தைரியம் அவருக்கு எப்போது இருந்தது?

ஜூன் 28

டிக்கெட்டை ரத்துப் பண்ண அவர் வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். நான் கிளாராவை அழைத்துக்கொண்டு போனேன். குமாஸ்தா, புருஷன் பேர் என்ன என்றான். நான் கிளாராவைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். குமாஸ்தா சிரித்துக்கொண்டே எழுதினான்.

கராச்சர்மாவில் பாலு வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இறக்கிக்கொள்வது என்று பேசியிருக்கிறோம்.

1968 மார்ச் 3

இன்று ஒரு போஸ்டாபீஸ் குடும்பத்திடம் ஒரு பெட்டித் துணி எடுத்தேன். ஊருக்குப் போகிறவர்கள் இப்போது எனக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். எடுத்து, துவைத்து, கிழிந்ததைத் தைத்து, பஸ்ஸில் கொண்டுபோய் விற்கிறேன். கையில் காசு ஓடுகிறது. வாங்கும்போது துணியைத்தான் பார்ப்பேன். கப்பல் என்றைக்கு என்று கேட்கமாட்டேன். அவர்களாகச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கம்பளியைக் கோடையில் வாங்கினாலும் மழைக்கால விலைதான் கொடுக்கிறேன். பைத்தியம் என்கிறான் பாலு.

1971 பிப்ரவரி 20, சனி

கோவிந்தராஜுக்கு மாற்றல் உத்தரவு. மெயின்லாண்டுக்கே. புதன்கிழமை கப்பலாம். புதன்கிழமை!

பஸ்ஸில் கேட்டதும் எனக்கு வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

பிப்ரவரி 22

விசாலாட்சி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாள். போகவில்லை. நான் போய் ஒரு விலை வைத்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள், இப்போது ஊர் வழக்கம் அப்படி. அவள்கிட்டே வாங்காதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து ருக்குவுக்குத் தலை பின்னினேன்.

பிப்ரவரி 23, செவ்வாய்

இன்று போனேன். வீட்டில் அவளும் நானும்தான்.

கட்டில் முழுக்கத் துணி, ஒன்றும் போகவில்லை. ஆள் பாதியாகியிருந்தாள். நான் கேட்பதற்கு முன்னால் அவளே அரக்குச் சேலையை எடுத்து நீட்டினாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். முந்தியை விரித்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். இப்போது நிஜமாகவே கறுத்திருந்தது. விரலைக் காட்டினேன்.

"இருபது" என்றேன். "நாளைக்குக் கப்பல். அப்புறம் யாருக்கு விப்ப, கடலுக்கா?"

ஐந்து வருஷம் வாயில் வைத்திருந்த வார்த்தை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதைச் சொல்லத்தான் வருவீங்கன்னு எனக்குத் தெரியும்கா. சொல்லிட்டீங்கல்ல? இப்ப நான் சொல்றேன், கேட்டுக்குங்க. கம்பளிக்கு விலை ஏத்தினது என் புத்தி. அதுக்கு என்னைச் செருப்பால அடிங்க. சேலை என் புத்தி இல்ல."

"தந்தி வந்தது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தந்தியைப் பிரிச்சப்ப உங்க வீட்டுக்காரரும் அங்கதான் உக்காந்திருந்தாரு. அவரும் படிச்சாரு. அன்னைக்கு சாயங்காலம் இந்த வாசல்ல வந்து நின்னு கையைப் பிடிச்சுக்காத குறையா கெஞ்சினாரு. கப்பல் இல்லேன்னு தெரிஞ்சா செல்லம் ஒரு துணி விக்க மாட்டா, அப்புறம் இந்த ஊரை விட்டு ஒரு அடி நகர மாட்டா, வீட்டைத் துடைச்சுட்டா வேற வழியில்லாம வந்துடுவான்னாரு. பெட்டிக்கு அடியில ஒரு அரக்குச் சேலை இருக்கு, மொதல்ல அதைக் கேளும்மா, அது போச்சுன்னா மத்ததெல்லாம் தானா போயிடும்னு சொன்னது அவருதான்."

"பொய் சொல்லாதடி."

"பொய்யா? உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு அப்புறம் இங்க குடிவந்தவ நான், வேட்டியில சுத்தி அடியில கெடந்த சேலை எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. ஜன்னல் ஞாபகம் இருக்கிறது, கட்டைவிரல் ஞாபகம் இருக்கிறது, யார் எங்கே நின்றார்கள், யார் சிரித்தார்கள், எல்லாம் இருக்கிறது. இது ஒன்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சிரித்தது ஊரோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு என்றுதான் நினைத்தேன்.

"என்ன வேணும்னு சொல்லு" என்றேன்.

எண்பது என்றாள். என் வாயில் பேரம் வரவில்லை. கொடுத்தேன். மற்றத் துணிகளையும் பார்த்து, துணிக்கு என்ன தகுமோ அதைக் கொடுத்து எடுத்துக்கொண்டேன். கம்பளியும் இருந்தது, அதையும். வாசலில், "மனசுல வெச்சுக்காதீங்கக்கா" என்றாள். "போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

வீட்டில் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கட்டிலில் வைத்த சேலையைப் பார்த்ததும் சோற்றில் கை நின்றது.

"என்ன விலைக்கு எடுத்தே?" என்றார். விலையைக் கேட்கிறார்!

"வெள்ளிக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். "பழைய கதை செல்லம். கடைசில நீ நெனச்சபடி இங்கதானே இருக்கோம். உனக்கென்ன நஷ்டம்?"

ரசத்தை ஊற்றினேன். அவர் கேட்காமலே இரண்டாம் தடவையும் ஊற்றினேன். பாலுவிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. நாளைக்கும் சோறு போடுவேன், காய்ச்சல் வந்தால் இந்தக் கம்பளியைத்தான் போர்த்துவேன்.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை ஒருத்தர் விடாமல் எழுதி வைத்தேன் என்று நினைத்திருந்தேன். இன்று எடுத்துப் பார்த்தால் ஒருத்தர் பேர் மட்டும் இல்லை. பாலு அப்பா என்று எழுதியிருக்கிறேன். கழுத்தில் தாலி ஏறினதிலிருந்து அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை, கையால் எழுதினதில்லை. டிக்கெட் கவுண்டரில்கூட என்னால் முடியவில்லை.

விட்டுப்போன பேரை இப்போது எழுதிவிடுகிறேன். விசாலாட்சியை இன்றோடு விட்டேன். இந்த ஒரு ஆளை விடமாட்டேன்.

ஜம்புலிங்கம்.