வகுப்புக்குப் போன பிறகு முதல் சண்டை

பிரான்க்ளின்,

சட்டியில் நெத்திலி சம்பல் இருக்கிறது. சோற்றை நீங்களே ஆக்கிக்கொள்ளுங்கள்.

சண்டை என்றால் "நீ" என்று ஆரம்பிக்காமல் "நான்" என்று ஆரம்பிக்க வேண்டுமாம், சர்ச் தம்பதியர் வகுப்பில் சொன்னார்கள். சரி. நேற்று அங்கே எல்லார் முன்னாலும், "இவ விடுற கொறட்டைல பக்கத்து வீட்டு நாய்கூட தூங்க மாட்டேங்குது லா" என்றீர்களே, நான் வருத்தப்பட்டேன். நான் கரண்டியை எறியவும் நினைத்தேன்.

நான் செர்காமில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறேன். முன்பெல்லாம் கோபித்துக்கொண்டு சொல்லாமல் போவேன், மூன்று நாள் போனை எடுக்க மாட்டேன். இன்று சமைத்துவிட்டு, சீட்டும் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பால் பலன் இருக்கத்தான் செய்கிறது.

ஜோனிட்டா

பி.கு.: சனிக்கிழமை வகுப்புக்கு நேராக வந்துவிடுவேன். வீட்டுப்பாடம், "மனைவியிடம் பிடித்த மூன்று விஷயங்கள்". மூன்றிலும் சம்பல் என்று எழுதினால், அங்கேயே குறட்டை விடுவேன்.