பதில் வந்த தேதி

6 மே, செவ்வாய்
இவருக்கு இன்று எடை இரண்டு கிலோ கூடுதல். அவ்வளவும் உடம்பில் தேங்கிய நீர். நேற்று மீன் குழம்பைத் தாராளமாக ஊற்றியது என் தப்பு.

ஜூரோங் டயாலிசிஸ் நிலையத்தில் ஆறாம் நாற்காலி இவர், எபனேசர். ஏழாம் நாற்காலி ஜமால் முகம்மது பாய், தேக்கா சந்தை மாடியில் தையல் கடை வைத்திருப்பவர். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். இவர் வர ஆரம்பித்து ஆறு வருடம், பாய் நாலு. வெளியே பெஞ்சில் நானும் பாயின் மனைவி உம்மு சல்மாவும். இரண்டு ஆண்களுக்கும் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். போத்தலில் நாடா ஒட்டிக் கோடு போட நான்தான் சல்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். அளவெல்லாம் நர்ஸைக் கேட்டுக் கேட்டுப் படித்தது.

ஜெப நோட்டில் மூன்று கட்டம்: பெயர், கேட்ட தேதி, பதில் வந்த தேதி. சிறுநீரகத்துக்கென்று ஒரு பக்கம். முதல் வரி இவர். இரண்டாம் வரி பாய். கடைசிக் கட்டம் இருவருக்கும் காலி.

14 மே, புதன்
பதினொன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஒரு சிறுநீரகம் வந்திருக்கிறது, இரண்டு பேரைக் கூப்பிடுகிறோம், ரத்தம் யாருக்கு ஒத்துவருகிறதோ அவருக்கு என்றார்கள். டாக்ஸியில் ஓடினோம்.

அந்த இரண்டாவது ஆள் பாய்.

சல்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்குக் கிடைச்சாலும் நம்மள்ல ஒருத்தருக்குத்தான் லா, அக்கா." ஆமென் என்றேன். உள்ளே அதே மூச்சில், எங்களுக்கு, ஆண்டவரே, எங்களுக்கு.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்து பாயின் பெயரைக் கூப்பிட்டார். இவர் எழுந்து போய் அவர் தோளைத் தட்டினார். "போயிட்டு வாங்க பாய். உங்க நாற்காலிய நான் பாத்துக்கிறேன்." நான் கைப்பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

15 மே, வியாழன்
ஏழாம் நாற்காலி காலி. பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

18 மே, ஞாயிறு
கூட்டு ஜெபத்தில் நோட்டை வாசிப்பது என் வேலை. இரண்டாம் வரியை விட்டுவிட்டு வாசித்தேன். போதகரம்மா கவனித்து, அந்த பாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

பொய். ஆலயத்தில் நின்றுகொண்டு பொய். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, சிறுநீர் வந்துவிட்டது என்று சல்மா வியாழக்கிழமையே செய்தி அனுப்பியிருந்தாள். இவருக்குச் சிறுநீர் நின்று மூன்று வருடம்.

ஆறு வருடம் காத்திருந்தவரை விட்டுவிட்டு நாலு வருடம் காத்திருந்தவருக்கு— இது என்ன கணக்கு? என் உபவாசத்தில் எது குறைஞ்சுது? அவங்க நம்ம ஆண்டவரைக் கும்பிடுறவங்ககூட இல்லையே— எழுதிவிட்டேன். அடிக்க மாட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று பின்னால் பார்க்க வேண்டும். பாய்க்காகக் கேட்டவளும் நான்தானே?

பிரசங்கம் பொறுமையைப் பற்றி. காத்திருக்க முடிகிறது. பக்கத்து ஆளுக்கு முதலில் கிடைத்த பிறகு காத்திருப்பதுதான் முடியவில்லை.

24 மே, சனி
விடிந்ததும் தேக்காவில் மீன். மாடிப் படிப் பக்கம் திரும்பவில்லை. சல்மாவின் அழைப்பு நாலாவது முறை. எடுக்கவில்லை. "அந்தப் பொண்ணு ஒன்னய என்ன பண்ணுச்சு?" என்றார் இவர். மீனைக் கழுவினேன்.

31 மே, சனி
சல்மா இவர் போனுக்கே அழைத்துவிட்டாள். நான் காய் நறுக்கும் பலகைக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு இவர் நகர்ந்துகொண்டார்.

பாய் வீட்டுக்கு வந்துவிட்டாராம். தினம் மூன்று லிட்டர் குடிக்க வேண்டுமாம். குடிக்க மாட்டேன் என்கிறாராம். "ரெண்டு மொடக்கு குடிச்சுட்டு கிளாஸ வச்சுடுறார் அக்கா. நாலு வருஷப் பயம். அக்கா போட்ட கோட்டத் தாண்டலாமான்னு கேக்கறார். தண்ணி பத்தலைனா புதுசு கெட்டுடும்ங்கறாங்க. நீங்க வந்து சொன்னாக் குடிப்பார்."

ஒரு கணம்— கெட்டால் கெடட்டும் என்று நினைத்தேன். நினைச்சேன், ஆண்டவரே. நான்தான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

1 ஜூன், ஞாயிறு
ஆராதனை முடிந்து இருவரும் முகக்கவசத்தோடு போனோம். பாய் இளைத்திருந்தார், முகம் தெளிந்திருந்தது. கட்டில் பக்கத்தில் அதே போத்தல், அதே நாடா. நகத்தால் சுரண்டி எடுத்தேன். எளிதில் வரவில்லை.

கிளாஸை நிரப்பி நீட்டினேன். "குடிங்க பாய்."

"முழுசுமா?"

"முழுசும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். இவர் சிரித்தார். "எனக்கும் சேத்துக் குடிங்க. நான் வேடிக்கை பாக்குறேன்."

பாய் குடித்தார். இவர் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இவர் குடித்தது நூற்றைம்பது மில்லி. கிளாஸைப் பிடுங்கி இவர் வாயில் வைக்கத் தோன்றியது எனக்கு. இரண்டாவது கிளாஸ் ஊற்றினேன். சற்றுப் பொறுத்து மூன்றாவது. பொறாமை போகவில்லை. அது இருக்கும்போதே கை ஊற்றியது.

லிஃப்ட் வரை சல்மா வந்தாள். என்மேல் கோபமா என்று கேட்டாள். கோபம் இல்லை, பொறாமை என்றேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் முறை.

"தெரியும் லா. ஒங்களுக்குக் கெடச்சிருந்தா நான் போன மட்டுமா எடுக்காம இருந்திருப்பேன்? பெஞ்சையே மாத்திருப்பேன்."

லிஃப்ட் இரண்டு முறை வந்து போனது. சிரித்துக்கொண்டே நின்றோம்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் வரியின் கடைசிக் கட்டத்தில் 14 மே என்று எழுதினேன். இன்றைய தேதியைப் போடவில்லை. பதில் வந்தது அன்றைக்குத்தான்.

3 ஜூன், செவ்வாய்
இவருக்கு எடை ஒன்றரை கிலோ கூடுதல். பரவாயில்லை.

ஏழாம் நாற்காலியில் புதியவர், கோவிந்தசாமி. அவர் மனைவி பெஞ்சில் ஒன்றரை லிட்டர் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று உட்கார்ந்திருந்தார். நாடா என் பையில் இருந்தது. ஒட்டிக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

முதல் வரி இன்னும் காலி. மூன்றாம் வரியில் பேனாவை வைத்ததும், கோவிந்தசாமிக்கும் எங்களுக்கு முன்னால் பதில் வந்துவிடலாம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

எழுதினேன்.