வார்டைக் காட்டிய நாள்

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க நினைத்தேன், கை ஓடவில்லை. இரண்டு முறை போனில் கூப்பிட்டேன். மீட்டிங்ல இருக்கேன்க்கா என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்! அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நம் தங்கை சின்னவளுக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கும் வங்கி நம் அரசுக்குக் கொடுக்கும் கடனுக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறதாம்: ஆஸ்பத்திரிகளில் புதிதாக நர்ஸ் எடுக்கக் கூடாது. இருப்பவர்களே போதும் என்று உங்கள் ஆட்கள் நேரில் பார்த்து எழுதிவிட்டார்களாம். அதனால் ராத்திரி வேலைக்கு ஆள் இல்லாமல் அடுத்த மாதம் முதல் எங்கள் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை இரவில் பூட்டப்போகிறார்கள்.

அவர்கள் பார்த்த லட்சணத்தைக் கேள். வங்கியிலிருந்து வருகிறார்கள் என்றதும் எங்கள் பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம மானம் போயிடக் கூடாதும்மா என்று கண் வார்டு, எலும்பு வார்டு நர்ஸுகள் எங்களையெல்லாம் பிரசவ வார்டுக்குக் கூட்டிவந்து கட்டிலுக்கு ஒருத்தியாக நிறுத்தினார். கடன் கொடுப்பவர் முன்னால் கிழிசலைக் காட்டலாமா என்றுதான் எங்கள் எல்லோருக்கும் நினைப்பு. நான் டீ வேறு கொடுத்தேன். அவர்கள் காரில் ஏறியதும் அத்தனை பேரும் அவரவர் வார்டுக்கு ஓடினோம். அங்கே நோயாளிகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் இப்போது உள்ளதை உள்ளபடி உங்கள் வங்கிக்கு எழுதிவிட்டார். பதில் இல்லை. பிரசவத்துக்கு ஒரு நர்ஸ் இருப்பது மனித உரிமையடா என்று கடைசியாகப் பேசியபோது சொன்னேனே, நீ என்ன சொன்னாய்? மனித உரிமையெல்லாம் அரசியல்க்கா, எங்க வேலை கணக்கு பாக்கறது, நான் வாயத் திறந்தா வேலை போயிடும் என்றாய். அட போடா! பிரசவ வார்டைப் பூட்ட வைப்பது மட்டும் அரசியல் இல்லையா?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். பயமாகவும் இருக்கிறது. உன் சம்பளத்தில்தான் இந்த வீடு ஓடுகிறது, எனக்குத் தெரியாதா? ஆனால் உங்கள் வங்கியின் மாதக் கடைசிக் கூட்டத்தில் அந்த அறிக்கையை வாசிக்கப்போவது நீதானே.

நேற்று சின்னவள், ராத்திரியில வலி வந்தா எங்கக்கா போறது என்று கேட்டாள். காதில் விழாதவள் போலத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல். வேலை போனால் நேரே வீட்டுக்கு வா, இருப்பதைச் சாப்பிடுவோம். சொல்ல முடியாது என்றால், எங்கே போவது என்று அவளுக்கு நீயே போன் செய்து சொல்லிவிடு. எனக்கு வாய் வராது.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா