மிஞ்சிய இரண்டு செடிகள்

ஜூன் 18
ஆறாம் வகுப்புக்கு உயிரினங்கள் பாடம் தொடங்கியாயிற்று. எனக்குப் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் குளம்தான் புத்தகம். ஒரு சொட்டுத் தண்ணீரை நுண்ணோக்கியில் வைத்தால் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரி ஓடுகிறது. "டீச்சர், நம்ம பி.டி. சார் மாதிரி ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது!" என்றான் ஒரு பையன். தவளை, தட்டான், நத்தை, கெண்டை, பாசி என்று ஏழு வருடமாக எழுதிவரும் பட்டியலில் இன்றோடு அறுபத்து மூன்று.

மிதக்கும் செடியைக் காட்ட, செடிக்கடையில் மூன்று ஆகாயத்தாமரை வாங்கினேன். தண்டை அறுத்துக் காட்ட ஒன்றே போதுமாயிற்று. மிச்சம் இரண்டும் ஊதாப்பூ விட்டிருந்தன. குப்பையில் போட மனசு வரவில்லை. குளத்தில் விட்டேன்.

ஜூலை 29
இரண்டு, நாற்பதாகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

ஆகஸ்ட் 21
பாதிக் குளம் தெரியவில்லை. வாட்ச்மேனும் நானும் முட்டளவுத் தண்ணீரில் இறங்கி நாள் முழுக்கப் பிடுங்கினோம். இடுப்பு விட்டுப்போயிற்று.

செப்டம்பர் 9
மறுபடியும்! முன்னைவிட அதிகம். ஒரு துண்டு மிஞ்சினாலும் தழைத்துவிடும் என்று வருடாவருடம் பாடம் நடத்துகிறவள் நான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேனே, அறிவிருக்காடி உனக்கு? "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன முழம் என்ன டீச்சர்" என்கிறார் வாட்ச்மேன்.

செப்டம்பர் 24
காலையில் கெண்டைகள் இலைச் சந்துகளில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அடியில் மூச்சுக்கு வழியில்லை. வாளியில் அள்ளினேன். எங்கே கொண்டுபோய் விடுவது? யோசிப்பதற்குள் வாளியிலேயே மல்லாந்துவிட்டன.
"விடும்மா, மீன்தானே" என்கிறார் வீட்டுக்காரர். பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது.

அக்டோபர் 6
தலைமையாசிரியை கூப்பிட்டார். "கொசு மொய்க்குது. பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்க. மண்ணைப் போட்டு மூடிடலாம்."
"ஒரு மாசம் டைம் குடுங்க மேடம்."
"போன மாசமும் இதையேதான சொன்னீங்க? எந்தப் புண்ணியவான் கொண்டாந்து போட்டானோ!"
நான்தான் என்று சொல்லாமலே வகுப்புக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 15
ஏழு லாரி மண். மூன்றாவது லாரிக்கே தண்ணீர் தெரியவில்லை. தவளைகள் பள்ளி வராந்தாவுக்கு ஏறி வந்தன. பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். "யாரு டீச்சர் அந்தச் செடியப் போட்டது?" என்று ஒருத்தி கேட்டாள். சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் கூடத் தேவலை. எல்லாரும் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்கள்.

அக்டோபர் 16
தலைமையாசிரியையிடமும் சொன்னேன். "இப்ப சொல்லி என்ன பண்றது?" என்றார். அவ்வளவுதான்.

நவம்பர் 3
பரீட்சைத் தாள் திருத்துகிறேன். கேள்வித்தாளைச் செப்டம்பரிலேயே அச்சுக்குக் கொடுத்திருந்தேன். பன்னிரண்டாம் கேள்வி: நீர்நிலைக்குக் கேடு செய்யும் உயிரி ஒன்றைக் காரணத்துடன் எழுதுக. இரண்டு மதிப்பெண்.

எல்லாரும் ஆகாயத்தாமரை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். முதல் வரிசைப் பெண் மட்டும், முத்து முத்தான கையெழுத்தில்: "எங்கள் டீச்சர். காரணம், அவர்களுக்கு எல்லாம் தெரியும்."

இரண்டு மதிப்பெண்ணும் போட்டேன்.