அரிப்புக் கோட்டையை நீ முழுசாகப் பார்த்த நாள்

மச்சான்,

இன்று காலை வள்ளத்துப் பெட்டியைக் கழுவக் கவிழ்த்தேன். தூண்டில் நூலுக்கும் துருப்பிடித்த சாவிக்கும் நடுவில் உன் கண் மருந்துப் போத்தல் கிடந்தது. சுண்டுவிரல் அளவுதான். கையில் வைத்துக்கொண்டு பள்ளிமுனைக் கரையிலேயே இருந்துவிட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன், மகள் எழுதுகிறாள்.

உன் கப்பல் பழுதாகி, கிரீஸ் நாட்டுத் தீவொன்றில் மாதக்கணக்கில் கட்டிக் கிடந்த கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பாய். வேலையில்லாமல் அந்தத் தீவு முழுக்க நடந்தாயாம். மலைமேல் பழைய கோயிலின் தூண்கள், துறைமுகத்துக் கோட்டை, குருமார் இருந்த கல் மடம். நீ சொல்லச் சொல்ல எனக்கே கால் உளைந்தது. நம் ஊரைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிப்பாய்.

“சின்ன வயசிலயே கப்பலுக்குப் போனவன் நான். மன்னாரில என்னத்தைக் கண்டனான்? பெருக்க மரத்தில ஏறி விழுந்ததுதான்.”

கப்பலை விட்டு நீ வந்தபோதே கண் ஓரங்களிலிருந்து இருண்டுகொண்டிருந்தது. குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல என்றாய். போனது திரும்பாது, மிச்சமும் மெல்லப் போகும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

“ஊரான்ர தீவைச் சுத்திப் பாத்த கண், மச்சான். இருட்ட முதல் எங்கட கரையையும் ஒருக்காப் பாக்கவேணும்.”

முதலில் நீ கேட்டது அரிப்பில் கடலோரம் இடிந்து நிற்கும் அல்லி ராணி கோட்டையை. அல்லியுமில்லை ராணியுமில்லை, முத்துக்குளிப்பைப் பார்க்க வெள்ளைக்காரத் துரை கட்டிய வீடு, தூண்கள் கிரீஸ்காரரின் அமைப்பு என்றாய். மோட்டார் சைக்கிளில் உன்னை ஏற்றினேன். அந்தக் கோட்டை எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதுவும் அரிப்புக் கோவிலும் கடலிலிருந்து ஒரு நேருக்கு வந்தால் வலை விடலாம். எங்களுக்கு அது ஒரு குறி. ஆனால் தரையால் ஒரு நாளும் போனதில்லை. இரண்டு தரம் அதைத் தாண்டி ஓடிவிட்டு, ஆடு மேய்த்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டேன்.

“பின்னுக்கு நிக்குது அண்ணை. அதைப் பாத்துக்கொண்டுதானே வந்தனீங்கள்?”

நீ என் முதுகில் தட்டினாய். “நாற்பது வருசம் ஒண்டா இருந்த மனிசியைச் சந்தையில கண்டு, ஆரெண்டு கேட்ட மாதிரியெல்லோ இருக்கு.”

கோட்டைக்குள் போனதும் உன் சிரிப்பு நின்றது. சுவரோடு முகத்தை வைத்து மெல்லத் திரும்பினாய்.

“செங்கல் தெரியுது. பக்கத்துச் செங்கலும் தெரியுது. வீட்டைக் காணேல்லை, மச்சான்.”

நானும் இங்கே நில், அங்கே நில் என்று இழுத்துத் திரிந்தேன். கடைசியில் தூணைக் கட்டிப்பிடித்தபடி, “பிந்திப்போச்சு. வா, போவம்” என்றாய்.

அடுத்த நாள் கரைக்கு வந்தாய். காலடியில் கிடந்த கயிற்றில் தடுக்கி விழப் பார்த்தவன், நிமிர்ந்து, தூரத்தில் வந்த வள்ளத்தைக் காட்டி, “உன்ர மருமோன் வாறான்” என்றாய். சரியாகவே சொன்னாய். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கிட்டப் போகப் போக உன் குழாய்க்குள் செங்கல்தான் அடங்கும். தூரப் போனால் வீடே அடங்கும்.

உன் மனைவி வள்ளத்தை மறித்துக்கொண்டு நின்றாள். “கண் தெரியாத மனிசனைக் கடலுக்கு ஏத்துறீங்களோ, அண்ணை?”

“கண் தெரியிறபடியாத்தான் தங்கச்சி ஏத்திறன்” என்றேன்.

பின்னேர வெயில் செங்கல்லில் விழும் நேரமாகப் பார்த்து அரிப்புக்கு நேரே இயந்திரத்தை நிறுத்தினேன். அலை ஆட்டியது. உன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கரைப் பக்கம் திருப்பிவிட்டேன். நீ கழுத்தை மெல்ல அசைத்துத் தேடினாய்.

“நிக்குது” என்றாய். “முழுசா நிக்குது. ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு. நடுவில வாசல் மாதிரி ஒரு வெளி. அதுக்குள்ளால வானம் தெரியுது, மச்சான்.”

என் வயதில் எத்தனை ஆயிரம் தரம் அதைப் பார்த்திருப்பேன். அந்த வானம் எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை.

பிறகு மன்னார்க் கோட்டையை நீர்ப்பக்கமிருந்து பார்த்தோம். தலைமன்னார் வெளிச்சவீட்டையும் பார்த்தோம். நோன்பு காலத்துக்குள் உன் குழாய் மூடிவிட்டது. அதற்குப் பிறகு நீ உயிரோடு இருந்த இரண்டு வருஷமும், பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நீ கிரீஸ் கதை சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. அரிப்பைத்தான் சொன்னாய்.

இப்போதும் மருமகனோடு கடலுக்குப் போகிறேன். கோவிலும் கோட்டையும் நேருக்கு வந்ததும் அவன் வலையைத் தூக்குவான்.

“விடட்டே மாமா?”

“பொறு தம்பி,” என்பேன். “முதல்ல பாப்பம்.”